மீதி ஆயில் எங்கே போகிறது? ஹைட்ராலிக் சிலிண்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு வழிகாட்டி

"சிலிண்டர் ரொம்ப வேகமா இறங்குது, கொஞ்சம் குறைச்சு வைப்பா." ஹைட்ராலிக் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவரிடம் முதல் வாரத்திலேயே வந்துவிடும் வேலை இது. பைப் லைனில் ஒரு குமிழ் இருக்கும். திருகினால் வேகம் குறையும். வேலை முடிந்த மாதிரிதான் தெரியும். ஆனால் இரண்டு மணி நேரம் கழித்து டேங்கைத் தொட்டால் கை வைக்க முடியாது. மறுநாள் காலை ஆயில் குளிர்ந்திருக்கும்போது அதே சிலிண்டர் நகர மாட்டேன் என்று நிற்கும்.

அந்தக் குமிழ்தான் ஃப்ளோ கண்ட்ரோல் வால்வ். ஆயில் போகும் வழியைச் சுருக்குவது மட்டும்தான் அது செய்யும் வேலை. ஆனால் அதைச் சரியாகப் பயன்படுத்த, குமிழைத் தொடும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: நான் தடுத்து நிறுத்தும் ஆயில் எங்கே போகப் போகிறது?

பலருக்கும் இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. நாம் எல்லோரும் குழாயைத் திருகிப் பழகியவர்கள். கிணற்று மோட்டாரில் கேட் வால்வைப் பாதி மூடினால் தண்ணீர் குறைவாக வரும். முழுதாக மூடினாலும் பம்பின் சக்கரம் உள்ளே இருக்கும் தண்ணீரிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஹைட்ராலிக்கில் இருக்கும் கியர் பம்ப் அப்படி இல்லை. ஒரு சுற்றுக்கு 8 மி.லி. என்றால், எதிரே என்ன இருந்தாலும் அந்த 8 மி.லி.யை அது தள்ளியே தீரும். வழியைச் சுருக்கினால் பிரஷர் ஏறும். ஏறி ஏறி, ரிலீஃப் வால்வ் எந்த அளவில் வைக்கப்பட்டிருக்கிறதோ அதைத் தொட்டதும் ரிலீஃப் திறந்து, மீதி ஆயில் டேங்குக்குத் திரும்பும். சிலிண்டர் மெதுவாகப் போவது ரிலீஃப் வால்வ் திறந்து கொடுப்பதால்தான். ரிலீஃப் இல்லாத லைனில் குமிழை மூடினால் ஹோஸோ பம்போ உடையும்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே விட்டுவிடுங்கள். ஃப்ளோ கண்ட்ரோல் வால்வ் பிரஷரைக் குறைக்காது. ஆயில் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் வால்வின் இரு பக்கத்துக்கும் பிரஷர் வித்தியாசம் இருக்கும். சிலிண்டர் எதிலாவது முட்டி நின்றுவிட்டால் ஓட்டம் நிற்கும், வித்தியாசமும் மறையும், ரிலீஃபில் வைத்த முழு பிரஷரும் சிலிண்டருக்குள் வந்து நிற்கும். வேகத்தைக் குறைத்துவிட்டதால் நசுக்கும் பலமும் குறைந்திருக்கும் என்று நினைத்துக் கையை உள்ளே விடுபவர்கள் இருக்கிறார்கள். சிலிண்டரிலிருந்து மெதுவாக வெளியே வரும் இரும்புத் தண்டும், அதாவது ராடும், அதே பலத்தோடுதான் நசுக்கும்.

முதலில் கணக்கு

கையில் ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சின்ன பிரஸ் ஒன்று. சிலிண்டர் மேலே இருந்து கீழ்நோக்கித் தொங்குகிறது. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 63 மி.மீ., ராடு 36 மி.மீ., ஸ்ட்ரோக் (ராடு நகரும் தூரம்) 500 மி.மீ. ராடின் முனையில் 300 கிலோ எடையுள்ள தட்டு. பம்ப் நிமிடத்துக்கு 12 லிட்டர் கொடுக்கிறது, ரிலீஃப் 150 பார் (பிரஷரை அளக்கும் அலகு). 5 ஹெச்பி மோட்டார்.

பிஸ்டன் பக்கப் பரப்பு சுமார் 31 சதுர செ.மீ. ராடு பக்கத்தில் ராடின் பரப்பு போக மிஞ்சுவது சுமார் 21 சதுர செ.மீ. இரண்டுக்கும் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றரை. இந்த ஒன்றரையை நினைவில் வையுங்கள், பின்னால் பெரிய வேலை இருக்கிறது.

வேகக் கணக்கு எளிது. லிட்டரை 1000-ஆல் பெருக்கி, பரப்பால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை செ.மீ. என்று வரும். 12,000-ஐ 31-ஆல் வகுத்தால் சுமார் 385 செ.மீ. அதாவது 50 செ.மீ. ஸ்ட்ரோக்கை எட்டு விநாடிக்குள் முடித்துவிடும். நமக்கு அது 20 விநாடியில் இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 150 செ.மீ. பிஸ்டன் பக்கம் உள்ளே போக வேண்டியது சுமார் 4.7 லிட்டர், ராடு பக்கத்திலிருந்து வெளியே வருவது சுமார் 3.1 லிட்டர்.

அப்படியானால் பம்ப் கொடுக்கும் 12-இல் 7.3 லிட்டர் மிச்சம். இது 150 பாரில் ரிலீஃப் வழியாகப் போகிறது. லிட்டரை பாரால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட். 7.3 × 150 ÷ 600 என்றால் சுமார் 1.8 கிலோவாட். வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்து டேங்குக்குள் இறக்கிவிட்டதற்குச் சமம். டேங்க் ஏன் கொதிக்கிறது என்பதற்கு விடை இதுதான். தட்டு இறங்கும் நேரம் கொஞ்சம், மற்ற நேரம் பம்ப் லோடு இல்லாமல் ஓடுகிறது என்றால் பரவாயில்லை. நாள் முழுக்க அந்த மெதுவான வேகம்தான் வேண்டும் என்றால், வால்வை வாங்குவதை விட்டுவிட்டுச் சின்ன பம்பாக மாற்றச் சொல்லுங்கள். புதியவர் சொன்னால் எடுபடாது என்று தயங்க வேண்டாம், இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினால் முதலாளிக்கும் புரியும், ஏனென்றால் அந்தச் சூடு அவருடைய கரண்ட் பில்.

எந்தப் பக்கம் போடுவது

வால்வைப் போட மூன்று இடங்கள் உண்டு. சிலிண்டருக்குள் போகும் ஆயிலைச் சுருக்கினால் மீட்டர்-இன். வெளியே வரும் ஆயிலைச் சுருக்கினால் மீட்டர்-அவுட். போகும் லைனிலிருந்து ஒரு கிளை எடுத்து, வேண்டாத ஆயிலை நேராக டேங்குக்கு விட்டால் ப்ளீட்-ஆஃப்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது லோடு எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. லோடு எப்போதும் சிலிண்டரை எதிர்த்து நிற்கிறதா, இல்லை ஏதாவது ஒரு கட்டத்தில் சிலிண்டரை இழுத்துக்கொண்டு ஓடுமா?

எதிர்த்து மட்டும் நிற்கும் லோடு என்றால் மீட்டர்-இன் போதும். நம் பிரஸில் தொங்கும் 300 கிலோவுக்கு அது சரிவராது. உள்ளே வரும் ஆயிலைச் சுருக்கினாலும், தட்டு தன் எடையால் முந்திக்கொண்டு விழும், பிஸ்டன் பக்கம் வெற்றிடம் உண்டாகும், பிறகு ஆயில் நிரம்பியதும் ஒரு உதறலோடு நகரும். இந்த மாதிரி லோடுக்கு மீட்டர்-அவுட்தான். வெளியே போகும் ஆயிலைப் பிடித்துக்கொண்டால், கயிற்றைப் பின்னால் இருந்து பிடித்து வாளியைக் கிணற்றுக்குள் இறக்குவது போல, தட்டு நம் கைக்குள் இருக்கும்.

ஆனால் மீட்டர்-அவுட்டில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. அந்த ஒன்றரை விகிதம் வேலை செய்யும் இடம் இதுதான். தட்டு வெறுமனே இறங்கும்போது பிஸ்டன் பக்கம் 150 பார் நிற்கிறது. ராடு பக்கம் பரப்பு குறைவு, அதனால் அதே பலத்தைத் தாங்க அங்கே பிரஷர் ஒன்றரை மடங்கு ஏற வேண்டும்: சுமார் 222 பார். அதோடு 300 கிலோ தட்டின் எடை 21 சதுர செ.மீ. மேல் இழுப்பதால் இன்னும் 14 பார். மொத்தம் சுமார் 236. பவர் பேக்கில் (மோட்டாரும் பம்பும் டேங்கும் சேர்ந்த இடம்) இருக்கும் கேஜ் 150 என்றுதான் காட்டிக்கொண்டிருக்கும், ராடு பக்க ஹோஸுக்குள் 236 இருக்கும். 3/8 அங்குல ஒற்றைக் கம்பி ஹோஸ் வழக்கமாக 180 பாருக்குத்தான். இரட்டைக் கம்பி என்றால் 330. மீட்டர்-அவுட் போடும் முன் ராடு பக்க ஹோஸின் மேல் அச்சிட்டிருப்பதைத் துணியால் துடைத்துப் படியுங்கள். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் ஹோஸ் வெடித்த பிறகு காரணம் தேடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ப்ளீட்-ஆஃபில் சூடு குறைவு. மீதி ஆயில் ரிலீஃப் பிரஷர் வரை ஏறாமல், லோடுக்குத் தேவையான பிரஷரிலேயே டேங்குக்குப் போய்விடும். லோடு 40 பார் என்றால் அதே 7.3 லிட்டருக்கு அரை கிலோவாட்தான் வீண். ஆனால் லோடு மாறினால் வேகமும் மாறும், தொங்கும் லோடைப் பிடிக்கவும் முடியாது. கன்வேயர் மோட்டார், கலக்கும் மோட்டார் போன்றவற்றுக்கு ஓரளவு சரி.

எந்த வால்வ்

மிக எளியது வெறும் துளை, ஆரிஃபிஸ். ஃபிட்டிங்குக்குள் ஒரு சின்ன தகடு, நடுவில் ஓட்டை. ஒரு அளவு மனதில் பதியட்டும்: 1 மி.மீ. துளைக்கு இரு பக்கமும் 100 பார் வித்தியாசம் இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் நாலரை லிட்டர் போகும். துளையின் விட்டம் இரட்டிப்பானால் ஆயில் நான்கு மடங்கு. பிரஷர் நான்கு மடங்கானால்தான் ஆயில் இரட்டிப்பு. நீங்களே துளை போட்டுப் பார்ப்பதாக இருந்தால் சிறியதில் தொடங்குங்கள், பெரிதாக்கிக்கொள்ளலாம், சிறிதாக்க முடியாது.

நீடில் வால்வ் இரு திசையிலும் சுருக்கும். பெரும்பாலும் நமக்கு வேண்டியது ஒரு திசையில் மட்டும் சுருக்கி, மறு திசையில் தாராளமாக விடுவது. அதற்கு உள்ளேயே செக் வால்வ் (ஆயிலை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வ்) வைத்த ஒருவழி ஃப்ளோ கண்ட்ரோல் இருக்கிறது. நம் பிரஸ் மெதுவாக இறங்கி, வேகமாக மேலே ஏற வேண்டும், ஆகவே இதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு பலவீனம் உண்டு. வேகம் லோடைப் பொறுத்து மாறும். துளையின் இரு பக்க வித்தியாசம் பாதியானால் வேகம் 70 சதவீதத்துக்கு இறங்கிவிடும். லோடு எப்படி மாறினாலும் ஒரே வேகம் வேண்டும் என்றால் பிரஷர் காம்பென்சேட்டட் வால்வ் வாங்க வேண்டும். அதற்குள் ஒரு ஸ்பூலும் (முன்னும் பின்னும் நகரும் சின்ன உருளை) ஸ்பிரிங்கும் இருந்து, துளையின் இரு பக்க வித்தியாசத்தை எப்போதும் ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். விலை கூடுதல். கடைசல் ஃபீட், டிரில் ஃபீட் மாதிரி வேலைகளுக்கு அந்தப் பணத்தைக் கொடுக்கத்தான் வேண்டும். டிராலி தொட்டியை இறக்குவதற்கு வேண்டாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: எந்த ஃப்ளோ கண்ட்ரோலும் லோடைத் தூக்கி நிறுத்தி வைக்காது. முழுதாக மூடினாலும் ஸ்பூலிலும் செக் வால்விலும் கசியலாம். லோடு அப்படியே நிற்க வேண்டுமானால் கவுண்டர் பேலன்ஸ் வால்வோ பைலட் செக் வால்வோ தனியாக வேண்டும். அடியில் ஆள் வேலை செய்ய வேண்டுமானால் அதுவும் போதாது, இரும்புத் தாங்கி வைக்க வேண்டும்.

பொருத்தும்போது

தட்டை முழுதாகக் கீழே இறக்கி ஒரு கட்டையின் மேல் உட்கார வையுங்கள். மோட்டாரை நிறுத்தி மெயின் சுவிட்சில் பூட்டுப் போடுங்கள். லீவரை இரு பக்கமும் ஆட்டி, லைனில் தேங்கிய பிரஷரை விடுங்கள். கரண்டில் இயங்கும் சோலினாய்டு வால்வாக இருந்தால் கையால் அழுத்தும் பின்னை அழுத்துங்கள். ஆயிலைப் பிரஷரோடு சேர்த்து வைக்கும் அக்குமுலேட்டர் இருந்தால் அதையும் காலி செய்த பிறகுதான் ஸ்பேனர்.

வால்வை முடிந்தவரை சிலிண்டரின் போர்ட்டிலேயே பொருத்துங்கள். வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஹோஸ் இருந்து அது வெடித்தால், வால்வ் பார்த்துக்கொண்டே இருக்க லோடு விழுந்துவிடும்.

வால்வின் மேல் இருக்கும் அம்புக்குறியை நம்பி மட்டும் பொருத்தாதீர்கள். சில கம்பெனிகள் சுருக்கும் திசைக்கு அம்பு போடுகின்றன, சில தாராளமாக விடும் திசைக்கு. உடம்பில் பொறித்த குறியீட்டைப் பாருங்கள். முதுகோடு முதுகாக வளைந்த இரண்டு கோடுகள் துளையைக் காட்டும். அதன் குறுக்கே சாய்வாக அம்பு இருந்தால் மாற்றி வைக்கலாம் என்று பொருள். பக்கத்தில் கிண்ணத்தில் உட்கார்ந்த உருண்டை செக் வால்வ். கிண்ணத்தின் பக்கமிருந்து ஆயில் வந்தால் உருண்டை தூக்கிக்கொள்ளும், அது தாராளத் திசை. உருண்டையின் பக்கமிருந்து வந்தால் அது கிண்ணத்தில் அழுந்தி மூடிக்கொள்ளும், ஆயில் துளை வழியாகத்தான் போக வேண்டும். நம் பிரஸில் சிலிண்டரை விட்டு வெளியேறும் ஆயிலுக்கு இந்த இரண்டாவது நிலை வர வேண்டும்.

டெஃப்லான் டேப் வேண்டாம். பிரஸுக்கு நாம் கணக்குப் போட்ட 3.1 லிட்டரை 236 பாரில் பிடித்து நிறுத்தும் துளையின் விட்டம் முக்கால் மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. டேப்பின் ஒரு நூல் பிரிந்து போனால் அதை அடைக்கப் போதும். ஓ-ரிங் அல்லது பாண்டட் வாஷர் போடுங்கள்.

கழற்றும்போது போர்ட்டுக்குள் எட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். நான் வேலை கற்ற காலத்தில் ஒரு டிப்பர் டிராலியின் ஹோஸ் மாற்றப் போயிருந்தேன். பழைய ஃபிட்டிங்கைக் கழற்றியதும் உள்ளிருந்து பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய ஒரு தகடு விழுந்தது. நடுவில் ஓட்டை, ஓரத்தில் நாலு வெட்டு. தேய்ந்த வாஷர் என்று நினைத்து ஓரமாகப் போட்டுவிட்டு, புது ஃபிட்டிங்கை மாட்டினேன். தொட்டி நன்றாக ஏறியது. இறக்கும் லீவரைத் தொட்டதும் காலித் தொட்டி ஒரே அடியாகச் சேஸியில் வந்து மோதியது. பின் பக்க வெல்டிங் ஒன்று விட்டுப்போயிற்று. பக்கத்தில் யாரும் இல்லை. அந்தத் தகடுதான் இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தி வந்தது. ஏறும்போது ஆயில் அதைத் தள்ளிவிட்டு ஓரத்து வெட்டுகள் வழியாகத் தாராளமாகப் போகும், இறங்கும்போது தகடு இருக்கையில் அமர்ந்து நடு ஓட்டை வழியாக மட்டும் விடும். மண்ணில் தேடி எடுத்து, டீசலில் கழுவி, திரும்பப் போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. அன்றிலிருந்து எந்த ஃபிட்டிங்கைக் கழற்றினாலும் அடியில் ஒரு தட்டு வைத்துவிட்டுத்தான் கழற்றுகிறேன்.

செட் செய்வது

வால்வைக் கிட்டத்தட்ட முழுதாக மூடி, கால் சுற்று மட்டும் திறந்து வைத்துத் தொடங்குங்கள். திறந்து வைத்துத் தொடங்கினால் முதல் ஓட்டத்திலேயே தட்டு விழும். லோடு இல்லாமல் நாலைந்து முறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். காற்று இருக்கும்வரை வேகம் நிலைக்காது.

பிறகு ஆயில் வேலை செய்யும் சூட்டுக்கு வரும்வரை மெஷினை ஓட விடுங்கள். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். விஜி 68 ஆயில் என்றால் 40 டிகிரியில் அதன் கெட்டித்தன்மை 68 சென்டிஸ்டோக்ஸ் என்று அர்த்தம். காலையில் அது இன்னும் கெட்டி, மதியம் சூடேறினால் நன்றாக இளகிவிடும். நீளமான, ஒடுங்கிய வழியுள்ள நீடில் வால்வில் இந்த வித்தியாசம் வேகத்தில் நேராகத் தெரியும். கூரான விளிம்புள்ள மெல்லிய துளையில் அவ்வளவு தெரியாது. குளிர்ந்த ஆயிலில் 20 விநாடிக்கு செட் செய்துவிட்டுப் போனால் மதியம் தட்டு 20 விநாடிக்கு முன்பே இறங்கிவிடும்.

போன் ஸ்டாப்வாட்சை எடுத்து, உண்மையான லோடோடு ஒரு ஸ்ட்ரோக்கை அளந்து பாருங்கள். கால் சுற்று திறந்து விடுங்கள். மறுபடி அளந்து பாருங்கள். இடையில் குறைந்தது இரண்டு ஸ்ட்ரோக் ஓடட்டும். முதல் கால் சுற்றிலேயே எல்லாம் மாறி, அதற்குப் பிறகு திறந்தாலும் ஒன்றுமே மாறாவிட்டால் வால்வின் அளவு வேலைக்குப் பெரியது, சின்ன வால்வ் வாங்குங்கள். 20 விநாடி வந்ததும் லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே சுற்றும், ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு இறுக்கி, இன்னொரு முறை நேரம் பாருங்கள்.

கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. 100 பாரில் ஒரு ஊசித்துளையிலிருந்து வரும் ஆயிலின் வேகம் விநாடிக்கு 100 மீட்டருக்கும் மேல். தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது, அதனால்தான் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுகிறார்கள். உள்ளே திசு அழுக ஆரம்பித்து விரலையோ கையையோ எடுக்க வேண்டிவரும். அப்படி ஒன்று நேர்ந்தால், சின்னக் காயம் என்று பார்க்காமல் அந்த நிமிடமே அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் உள்ளே ஏறிவிட்டது என்று டாக்டரிடம் அதே வார்த்தையில் சொல்லுங்கள். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும்.

பிறகு வரும் தொல்லைகள்

நாளாக நாளாக வேகம் குறைந்துகொண்டே வந்தால் துளையில் அழுக்கு படிகிறது. குமிழ் எத்தனை சுற்றில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, லோடைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, வால்வை முழுதாகத் திறந்து சில ஸ்ட்ரோக் ஓட்டிவிட்டு, பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். திரும்பத் திரும்ப இப்படி ஆனால் வால்வைத் திட்டிப் பயனில்லை, ஃபில்டரைப் பாருங்கள்.

உதறி உதறிப் போனால் காற்று, அல்லது தொங்கும் லோடுக்கு மீட்டர்-இன் போட்டிருப்பது, அல்லது சிலிண்டர் சீல் இறுக்கம். இந்த வரிசையிலேயே சோதியுங்கள்.

வால்வை முழுக்க மூடியும் தட்டு இறங்கினால், செக் வால்வின் இருக்கையில் துகள் மாட்டியிருக்கும், இல்லை சிலிண்டர் சீல் போயிருக்கும். இரண்டுக்குமே குமிழில் மருந்து இல்லை, கழற்றத்தான் வேண்டும்.

செட் செய்து முடித்ததும் பெயிண்ட் மார்க்கரால் வால்வுக்குப் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதிவிடுங்கள்: மூடிய நிலையிலிருந்து எத்தனை சுற்று, ஸ்ட்ரோக்குக்கு எத்தனை விநாடி, அப்போது ஆயில் எத்தனை டிகிரி. இரவு ஷிஃப்டில் யாராவது குமிழைத் திருகியிருந்தால், காலையில் வந்ததும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.